மோர் அங்கயே இருக்கட்டும்

இல்லக்கா, மோர் அங்கயே இருக்கட்டும், அப்பால குடிக்கறேன். வேணாம்னு சொல்லல. மூணு வாட்டி நாலு ஏக்கரையும் சுத்தி வந்தேன்ல, மூச்சு வாங்குது, அதான். கண்டக்டர் சார், நீங்களும் உக்காருங்க. முப்பது வருஷம் பஸ்ஸுல நின்னது பத்தாதா? போர் வண்டி எங்க வந்துகினு இருக்குதாம்? கள்ளக்குறிச்சியில டீசல் போடறானா? அப்ப நேரம் இருக்குது. வேப்பமரத்து நெழலு, எதிர்ல கல்வராயன் மல, வேற இன்னா வேணும். உக்காருங்க சார்.

தேங்காயா? தோ, பையிலதான் இருக்குது. சொல்றேன், இருங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லுங்க. தண்ணி பாக்க நம்மள எப்படி புடிச்சீங்க? வெப்சைட்டுலயா! பாத்தீங்களா, என் மருமவ கேட்டா குதிப்பா. அது அவ வேல சார். தேவிப்ரியான்னு பேரு, உளுந்தூர்பேட்ட பொண்ணு. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்துச்சி, கொழந்த பொறந்ததும் இங்க வந்துட்டுது. சொம்மா இருக்காது. மாமா, உங்கள மணலூர்பேட்டய சுத்தி பத்து ஊருக்குத்தான் தெரியுது, ஒரு வெப்சைட்டு போடறேன்னு ஆரம்பிச்சிது. நீரோட்டம் பச்சமுத்துன்னு கொட்ட எழுத்துல பேரு. தண்ணி இருக்கற எடத்துல, உள்ளங்கையில படுத்திருந்த தேங்கா எழுந்து நிக்குது, பின்னால நான் மாப்பிள்ள மாதிரி நிக்கறேன். அந்த போட்டோதானே பாத்தீங்க?

ஆனா வெப்சைட்டு வெச்சா மட்டும் ஆளு வராதாம் சார். கடய தெறந்து வெச்சா ஆச்சா, கூவணும்ல? அந்த கூவறதுக்கு பேரு கட்டுர. தண்ணி பத்தி, போர் பத்தி எழுதி அங்க இங்க நாலு எடத்துல போட்டா, கூகுள்ல தேடறவன் நம்ம கடைக்கு வருவானாம். அது அப்போ கைக்கொழந்தக்காரி, எழுத எங்க நேரம்? எவனோ ஒருத்தன் ரெடிமேடா இருபது கட்டுர வித்தான். பேரயும் ஊரயும் மட்டும் மாத்திக்கணும். மாத்திச்சி. மதுரன்னு வர்ற எடத்துல எல்லாம் மணலூர்பேட்டன்னு ஒரே தட்டுல மாத்திச்சி. அப்பறம் பாத்தா, நான் மணலூர்பேட்ட மீனாட்சியம்மன் கோயில் தெக்கு கோபுரத்துகிட்ட பொறந்தேனாம். சிரிக்கறீங்களா? இருங்க, இன்னும் இருக்குது.

அந்த கட்டுரயில நான் பத்து வயசுல கெணத்துல உழுந்துட்டேன். ரெண்டு நாளு உள்ளயே கெடந்தேன். அப்போ பூமிக்கு அடியில தண்ணி ஓடற சத்தம் என் காதுல கேட்டுதாம். அன்னியிலேர்ந்து தண்ணி எங்க இருந்தாலும் என்கிட்ட பேசுதாம். நான் எங்க சார் உழுந்தேன்? நீச்சலே கெணத்துலதான் கத்துகினேன், உழுந்தாலும் ஏறி வந்திருப்பேன். ஆனா வர்றவங்க எல்லாம் அதத்தான் கேக்கறாங்க. அண்ணே, அந்த கெணத்து கதய சொல்லுங்க. அவங்க மொகத்த பாத்தா இல்லன்னு சொல்ல மனசு வரல. சொன்னேன். சொல்ல சொல்ல கத நல்லா வந்துச்சி. கெணத்துல ஒரு ஆமய சேத்தேன். மொழங்கால்ல சைக்கிள்லேர்ந்து உழுந்த தழும்பு ஒண்ணு இருக்குது, அத வேற காட்டிகினு இருந்தேன். எங்கூட்டுக்காரி நிர்மலா ஒரு நாளு காதுல வாங்கிட்டு, எப்பயா உழுந்த, என்கிட்ட சொல்லவே இல்லியேன்னு அழுதுடுச்சி.

மாட்டினது சங்கராபுரத்தாண்ட. அங்க வெங்கடேசன்னு ஒரு விவசாயி, வெவரமான ஆளு. ஒருத்தன மட்டும் நம்பாம மூணு பேர வரவெச்சிட்டாரு. நான், விழுப்புரத்துலேர்ந்து ஒருத்தரு, ஆத்தூர்லேர்ந்து ஒருத்தரு. டீ குடுத்து உக்கார வெச்சி, இந்த வித்த உங்களுக்கு எப்படி வந்துச்சின்னு கேட்டாரு. விழுப்புரத்துக்காரரு ஆரம்பிக்கறாரு, பத்து வயசுல கெணத்துல உழுந்துட்டேன். எனக்கு டீ எறங்கல. ஆத்தூர்க்காரரு என்ன பாக்கறாரு, நான் அவர பாக்கறேன். அவரும் உழுந்தவருதான் சார்! மூணு பேரும் ஒரே வயசுல, அதே ரெண்டு நாளு. ஆம மட்டும் என் கெணத்துலதான். சரி, மூணு பேரும் சேந்து இன்னொரு வாட்டி உழுந்து காட்டுங்கன்னாரு வெங்கடேசன். தேங்காய எடுத்துகினு வந்த வழியே திரும்பிட்டேன். பஸ்ஸுல வர்ற வரைக்கும் எனக்கும் சிரிப்புதான். வூட்டாண்ட வந்ததும் வெக்கமா போச்சி. முப்பத்தஞ்சு வருஷமா ஒரு நல்ல பேருக்காகத்தான காடு காடா நடந்தேன்.

தேவிப்ரியா நெட்டுல தேடி பாத்துச்சி. பதினோரு பேரு உழுந்திருக்கோம் சார்! ஒரே கட்டுர பத்து எடத்துல இருந்தா, கூகுளு எது நெசம்னு தெரியாம எல்லாத்தையும் கீழ தள்ளிடுமாம். ஆக, பதினோரு பேரும் இன்னும் உள்ளதான் கெடக்கறோம்.

இருபதையும் அழிச்சிட்டு, மாமா நீங்க சொல்லுங்க, நான் டைப் அடிக்கறேன்னுது. சொன்னேன். ரிஷிவந்தியத்துல நூத்தி எம்பது அடியில தண்ணி. தியாகதுருகத்துல எரநூறு அடி, பீச்சி அடிச்சிது. நாலு சொல்றதுக்குள்ள கொட்டாவி வுடுது. இன்னா பொண்ணேன்னா, இத எல்லாரும்தான் எழுதறாங்க மாமா, உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது எது? நீங்க காட்டி தண்ணி வராத எடம் எது? வந்துச்சி பாருங்க எனக்கு கோவம். என் பொழப்ப கெடுக்க பாக்கறியான்னு கத்திட்டேன். ரெண்டு நாளு அதுகூட பேசல.

மூணாம் நாளு நானே போயி சொன்னேன். களமருதூரு. ஆயம்மாள்னு ஒரு அம்மா, புருசன் இல்ல, ஒன்ற ஏக்கரு நெலம். நான் சுண்ணாம்பு போட்டு காட்டின எடத்துல போர் போட்டாங்க. அறுநூத்தி நாப்பது அடி, வெறும் புழுதி. அந்தம்மா தலயெல்லாம் புழுதி படிஞ்சி வெள்ளயா நிக்குது. ஒரு வார்த்த திட்டல சார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். உள்ள போயி ஒரு சொம்பு மோர் எடுத்தாந்து, வெயில்ல நின்னுட்ட, குடிப்பான்னுச்சி. என்னால குடிக்க முடியல. வாசப்படியில வெச்சிட்டு வந்துட்டேன். ஏன்னா அந்த எடத்துல தேங்கா நிக்கவே இல்ல சார். லேசா ஆடுச்சி, அவ்ளோதான். அந்தம்மா அம்மாம் ஆசயா பாத்துகினு இருந்துச்சேன்னு நானே கைய சாச்சி நிமித்திட்டேன். அந்த பொண்ணு ஒரு எழுத்து மாத்தாம அப்படியே அடிச்சிது.

போட்ட வாரத்துல பதினாலு போனு! தப்ப ஒத்துகினவன் நம்மகிட்ட பொய் சொல்ல மாட்டான்னு நெனச்சாங்க போல. அப்பறம் பாப்பாத்தி வூட்டு கொல்ல, கரியாலூர்ல ஒரு பாறக்காடு, இப்படி நான் காட்டி தண்ணி வராத ஏழு எடம் எழுதிட்டோம். நீங்க எத படிச்சிட்டு வந்தீங்க? ஆயம்மா மோரா? எல்லாரும் அதான். அதுவும் திருட்டு போயிட்டுது தெரியுமா? போன மாசம் பாத்தா அஞ்சு பேரு எடுத்து போட்டிருக்கானுங்க. ஊரு ஊரா ஆயம்மா மோர் குடுத்துகினு இருக்குது, எவனும் குடிக்கல. தேவிப்ரியாவுக்கு செம கோவம். எனக்கு சிரிப்புதான். எடுத்துகினு போவட்டும் சார். எவனாவது நேர்ல வந்து கேட்டா முழிக்கத்தான போறான்? அந்த முழி எனக்கு தெரியாதா.

போனா? எடுங்க, எடுங்க. வண்டி கச்சிராயபாளையம் வந்துட்டுதா? சரி, அங்கயே நிறுத்த சொல்லுங்க. ஆமா சார். அங்கயே.

தேங்கா எங்கன்னு கேட்டீங்களே, மூணு சுத்துலயும் அது படுத்தேதான் கெடந்துது. சுண்ணாம்பு பொட்டலம் பாருங்க, பிரிக்கவே இல்ல. அந்த வடக்கு மூலயில லேசா ஆடுச்சி. அப்போ நீங்க ரெண்டு பேரும் பாத்த பார்வ இருக்குதே... கைய சாய்க்க எனக்கு தெரியும் சார். சாய்க்கல. டிக்கெட்டு கிழிச்சி கிழிச்சி வாங்கின எடம், கரும்பு வெக்கணும்னு அக்கா சொன்னாங்க, எல்லாம் ஞாபகம் இருக்குது. இங்க தண்ணி இல்லன்னு சொல்ல வாய் வரலன்னுதான் இம்மா நேரம் பேசிகினு இருந்தேன். மலயிலேர்ந்து எறங்கற மழத்தண்ணி பூரா இந்த சரிவுலதான் போவுது, தடம் பாருங்க. கீழ் மூலயில ஒரு குட்ட வெட்டி புடிச்சி வைங்க. கம்பு, உளுந்து, மரவள்ளி எது போட்டாலும் வரும். அதுக்கு தேங்கா வேணாம், கண்ணு போதும்.

எட்டாவது கட்டுர உங்க எடம்தான் சார். பேரு போட மாட்டேன். போடலாமா? பஸ் நம்பரோட போடணுமா! சரி, போட சொல்றேன். புழுதி பறக்காம எழுதற மொத கட்டுர இது.

அக்கா, அந்த மோர எடுத்தாங்க. இப்ப குடிக்கறேன்.