சுவரோரம் நிறுத்திய ஸ்ட்ரெச்சர்

மேலே பெயரும் முகவரியும் எழுதப்பட்டுள்ள நான், வயது ஐம்பத்து மூன்று, பொது மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் அறுவை மருத்துவராக வேலை பார்க்கிறேன். இதற்கு முன் ராணுவத்தில், போர்முனை மருத்துவமனையில் இருந்தேன். ரத்தம் பீறிடும் கை காலை முதலில் இறுக்கிக் கட்டுவது, வயிற்றைத் திறந்தால் ரத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை மறுநாள் பார்ப்பது என்று அங்கே கற்றதை இங்குள்ளவர்களுக்கும் நானே பழக்கினேன். அதனால் பலர் பிழைத்தார்கள். என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் போனதும் அதனால்தான்.

சம்பவத்தன்று காலை பேருந்தும் லாரியும் மோதி அடிபட்டவர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் இருவர் நிலை மோசம். லாரி ஓட்டுநருக்குத் தொடையில் ரத்தக்குழாய் அறுந்திருந்தது. பேருந்தில் வந்த தையல்கார அம்மாவுக்கு வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. போர்முனையில் எங்களுக்கு ஒரே அறுவை மேஜை. பிழைக்க வாய்ப்புக் குறைந்தவரை ஒதுக்கிவிடுவோம். அந்தப் பழக்கத்தில் அந்த அம்மாவின் ஸ்ட்ரெச்சரைச் சுவரோரம் தள்ளி நிறுத்தச் சொன்னேன். அப்போது தன் உடையைக் கத்தரிக்க வந்த பணியாளரிடம் அந்த அம்மா, "வெட்டாதீங்க தம்பி, தையலைப் பிரிங்க. நான் மறுபடி தைச்சுக்கறேன்" என்றார்.

அதன்பின் தலைமைச் செவிலியர் என்னிடம், "சார், பிரசவ தியேட்டர் காலியாத்தான் இருக்கு. பிரசவ டாக்டர் மேடம் ஆபரேஷனுக்குக் கை கழுவிட்டு நிக்கிறாங்க. இவங்கள அங்க கொண்டுபோகவா?" என்று கேட்டார். நன்றாகவே காதில் விழுந்தது. "எனக்கே பாடம் எடுக்காதீங்க, சிஸ்டர். இங்க வந்து பிடிங்க" என்றேன்.

அதன்பின் ஓட்டுநருக்குத் தையல் போட்டு முடித்து வெளியே வந்தபோது அந்த அம்மா இறந்திருந்தார். அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களால ஆனதெல்லாம் செஞ்சிருப்பீங்க, சார்" என்றார். நான் தலையாட்டினேன்.

அதன்பின் மருத்துவமனை நடத்திய விசாரணையில், அறை காலியாக இருந்ததை எனக்குத் தெரிவிக்கவில்லை என்று செவிலியரை சஸ்பெண்ட் செய்தார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

இன்று காலை மருந்துக்கடை வாசலில் அந்தச் செவிலியரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே கூப்பிட்டு, "அந்த டிரைவர் நடக்கிறாரா, சார்?" என்று மட்டும் கேட்டார். நடக்கிறார் என்றேன். அங்கிருந்து நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

யாரும் வற்புறுத்தாமல் இதைச் சொல்கிறேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் அந்த அம்மாவை நான் 'கவனக்குறைவால்' சாகவிட்டதாக இருந்தது; அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'தெரிந்தே' என்று எழுதச் சொன்னேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன.

(கையொப்பம்)