நாலாவது ஆள்

எனக்கு எப்போதும் சரிவராதது நிழல்தான். ஒரு படத்திலிருந்து ஆளை வெட்டியெடுத்து இன்னொரு படத்தில் சேர்ப்பது பழகினால் யாருக்கும் வரும். ஆனால் ஒருவருடைய மூக்கு நிழல் இடப்பக்கமும் பக்கத்தில் நிற்பவருடையது வலப்பக்கமும் விழுந்தால், பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும். அதனால் மூன்று தரம் சரிபார்ப்பேன். அப்படியும் எனக்கு என் வேலையில் முழு நம்பிக்கை வந்ததில்லை.

பகலில் துறைமுகத் தெருவில், யோகலிங்கம் அண்ணரின் ஸ்ரூடியோவில் வேலை. பின்னேரம் அன்ஸார் சேரின் கணினி வகுப்பு. ஒவ்வொரு நாளும் பாடக் கொப்பியில் மூன்று விடயம் எழுதவேண்டும் என்பது சேரின் சட்டம்: செய்த வேலை, விட்ட பிழை, திருத்திய விதம். நான் ஒரு நாளும் எழுதாமல் விட்டதில்லை. அந்தக் கொப்பி இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. விசாரிக்கிற நீங்கள் நான் சொல்வதை அதோடு ஒத்துப்பார்க்கலாம்.

வகுப்பில் ஒரு கணினிக்கு இரண்டு பேர். ராசமலர் ஐந்து மாதம் என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, தாய் கனகம்மாவோடும் தகப்பன் கதிராமனோடும் உப்புவெளியில் வாடகை வீட்டில் இருந்தவள். ஐந்து மாதம் குறைந்த காலமல்ல என்று நினைத்திருந்தேன்.

2007 ஆவணியில் வீட்டுப் பதிவு வந்தது. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் நிற்கும் படத்தைப் படிவத்தில் ஒட்டி ஆமி முகாமில் கொடுக்கவேண்டும். சோதனைக்கு வருபவர்கள் முதலில் படத்திலுள்ள தலைகளை எண்ணுவார்கள், பிறகு வீட்டிலுள்ள தலைகளை. கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை.

கனகம்மா மகளோடு ஸ்ரூடியோவுக்கு வந்தார்.

"மூண்டு பேர் ஒரு படத்தில நிக்கக் கூடாது தம்பி. ஒராள் இல்லாமப் போகும்."

"தனித்தனியா எடுத்து நான் சேர்த்துவிடுறன் அன்ரி. நீங்கள் மூண்டு பேரும் ஒண்டா நிக்கேல்லைத்தானே."

"முகாமுக்கு அது காணும். வீட்டுச் சுவருக்கு மட்டும் நாலு பேராச் செய்து தாங்கோ." பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தார். "இவன் தவராசா. என்ர தம்பியின்ர மகன், வெருகல்ல இருக்கிறான். தையில இவளுக்கும் அவனுக்கும் கலியாண எழுத்து."

ராசமலர் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "மச்சான் படத்திலயும் வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறார். மூடிவிட ஏலுமோ?"

"ஓம், ஏலும்" என்றேன்.

இரண்டு நாள் எடுத்தது. தவராசாவின் வாயை மூடி, தோளைக் கொஞ்சம் அகட்டி, ராசமலருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நிழல் அந்தமுறை நன்றாக வந்தது. படத்தைப் படிவத்தில் ஒட்டி, மூடிய உறையில் இட்டுக் கொடுப்பதும் எங்கள் வேலைதான். பதினைந்தாம் திகதி காலை இரண்டு உறைகளையும் கனகம்மாவிடம் கொடுத்தேன். போகிற வழியில் ஒன்றை முகாமில் கொடுத்துவிட்டு, மற்றதை வீட்டில் திறந்திருக்கிறார். உள்ளே மூன்று பேர் நின்றார்கள். நாலு பேரின் படம் படிவத்தோடு முகாமுக்குப் போய்விட்டது.

மறுநாள் பதறிக்கொண்டு வந்தார். கைதவறி உறை மாறிவிட்டது என்றேன். அதை ஒருவரும் பார்க்கமாட்டார்கள், போய்க் கேட்டால்தான் சந்தேகம் வரும் என்றும் சொன்னேன். நம்பினார்.

எனக்குத் தவராசாவில் கோபமில்லை. அவரை நான் கண்டதுகூட இல்லை. பதிவில் ஒரு சிக்கல் இருந்தால் அவர் இந்தப் பக்கம் வரத் தயங்குவார், எழுத்துத் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டேன்.

பத்தாம் நாள் சோதனை வந்தது. நாலாவது ஆள் எங்கே என்று கேட்டுக் கதிராமனைக் கொண்டுபோனார்கள். கனகம்மா ஸ்ரூடியோ வாசலில் நின்று அழுதார்.

"வந்து சொல்லுங்கோ தம்பி, அது கொம்பியூட்டரில சேர்த்த படமெண்டு. தனித்தனிப் படங்களைக் காட்டினால் நம்புவாங்கள்."

"அதுகளை அழிச்சுப்போட்டன் அன்ரி. கொம்பியூட்டரில இடம் காணாது."

அவர் போனபிறகு அழித்தேன். சொன்ன சொல் பொய்யாக இருக்கக் கூடாது என்பதில் நான் கவனமானவன்.

வெள்ளிக்கிழமை தவராசா வெருகலிலிருந்து பஸ்ஸில் வந்து, அடையாள அட்டையோடு தானே முகாமுக்குள் போனார். மாமாவை விடச்சொல்லிக் கேட்டாராம். கதிராமனை விட்டார்கள். தவராசா வெளியே வரவில்லை. அப்படி ஒருவர் வரவேயில்லை என்று பிறகு சொல்லிவிட்டார்கள். இன்றோடு பதினொரு மாதம்.

சென்ற மாதம் கனகம்மாவுக்காகச் சுவர்ப்படத்தைத் திரும்பச் செய்தேன். மூன்று பேராக விடக் கூடாதல்லவா. நாலாவதாக நான் நிற்கிறேன், ராசமலருக்குப் பக்கத்தில். கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் நெடுநேரம் பார்த்தாள். தவறிப்போன பாடங்களைப் பார்த்தெழுதவேண்டும், கொப்பியைத் தரமுடியுமா என்று கேட்டாள். பத்து மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்தாள். உடனே கொடுத்தேன். பாடத்தைத்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

நீங்கள் விரலை வைத்திருப்பது ஆவணி பதினாலாம் திகதிப் பக்கம். ஓம், என் கையெழுத்துத்தான். அன்று பின்னேரம் இரண்டு உறைகளும் இன்னும் ஸ்ரூடியோவில், என் மேசை லாச்சிக்குள் இருந்தன.

செய்த வேலை: கனகம்மா அன்ரியின் படங்கள் இரண்டு.

விட்ட பிழை: கைதவறி உறைகள் மாறிவிட்டன.

திருத்திய விதம்: தேவையில்லை.