டீக்கடை ரூம் ஹனீப் பாய்

ராத்திரி ஏழரை மணி இருக்கும். நாமகிரிப்பேட்டையத் தாண்டி, போதமலை அடிவாரத்துப் பக்கமா பிரியுற ஒரு ஒத்தத் தார் ரோடு. ரெண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. லைட்டுக் கம்பம் கெடையாது. ஊடு வாசல் கெடையாது. ஜவ்வரிசி ஆக்கற சேகோ பேக்டரி ஒண்ணே ஒண்ணு... அதுவும் பூட்டிக் கெடக்குது. பூட்டி வருசமாச்சு, ஆனா அந்தப் புளிச்ச வாடை மட்டும் போகவே இல்ல.

அந்த ரோட்டு நடுவுல ஒருத்தரு நிக்கறாரு. பைக் லைட்ட எரிய விட்டுட்டு, ரெண்டு கையையும் முன்னால நீட்டிக்கிட்டு... கண்ணக் கட்டி விட்ட ஆளாட்டம் காத்துல தொழாவிக்கிட்டு.

நம்ம கூடத் தறி ஓட்டற கந்தன் இருக்கானே, அவனோட மச்சான் தமிழரசு. அவருதான்.

கிட்ட வந்து உக்காருங்க. கரண்டு இப்பக்கு வராது, தறியும் ஓடாது. சத்தம் போட்டுச் சொல்ற சமாச்சாரமில்ல இது.

தமிழரசுக்கு அந்தப் பக்கந்தான் கோழிப்பண்ணை. அளவான பண்ணை. அவரும் சம்சாரம் இலக்கியாவும் பாத்துக்கறாங்க. பகல்ல தீவனம் போட்டு, முட்டை பொறுக்கி, வண்டி ஏத்தி விட்டா சாயங்காலம் சும்மாதான். அப்பத்தான் போன்ல இந்த சேர் மார்க்கெட் குரூப்புல சேந்தாரு. குமாரபாளையத்துல பூபதின்னு ஒருத்தரு, கம்ப்யூட்டர் வேல பாக்கறவரு, அவரு நடத்துறது. எந்தக் கம்பெனி தேறும், எது தேறாதுன்னு பகலெல்லாம் பேசுவாங்க.

அந்த குரூப்புக்குள்ளயே இன்னொரு ரூம் வச்சிருந்தாங்க. பேரு டீக்கடை. அங்க சேரப் பத்தி மூச்சு விடக்கூடாது. விட்டா, அன்னைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு தட்ட போட்டோ எடுத்துப் போடணும். அதான் தண்டனை. மத்தபடி என்ன வேணா பேசலாம். மழை பெஞ்சுதா, முட்டி வலி எப்படி இருக்கு, பையன் கணக்குல பாஸா, கொழம்புக்குப் புளி அதிகமாப் போச்சு, என்ன பண்றது... இப்படித்தான். ஆரும் ஆரையும் நேர்ல பாத்ததில்ல. ஆனா ஆரு ஊட்டுல இன்னைக்கு ரசம்னு எல்லாருக்கும் தெரியும்.

அந்த டீக்கடைக்கு மொதலாளி மாதிரி முகம்மது ஹனீப். சேலத்துல லுங்கிக் கடை. எழுதவே மாட்டாரு, எல்லாம் பேசி அனுப்பற வாய்ஸ்தான். மெதுவா, சிரிச்ச மாதிரியே பேசுவாரு. பாய்க்கும் தமிழரசுக்கும் ஒரு ஒட்டுதல். காரணம் இருக்கு.

போன வருசம் தமிழரசு மகளுக்கு டெங்கு. நாமக்கல்ல ஒரு ஆஸ்பத்திரில போட்டிருந்தாங்க. ரத்தத்துல தட்டு அணு எறங்கிக்கிட்டே போகுது. இலக்கியா உள்ள. இவரு வெளிய, வராண்டா பெஞ்சுல. ஆருகிட்டப் பேசறது... டீக்கடைல போய், "ஆராச்சும் முழிச்சிருக்கீங்களா"ன்னு மட்டும் போட்டாரு. ஒடனே பாய் வந்தாரு. புள்ளையப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. அவங்க ஊட்டுப் பூன எப்படி மீன் சட்டியக் கவுத்துச்சுன்னு ஆரம்பிச்சு விடிய விடியப் பேசிக்கிட்டே இருந்தாரு. இவரும் வாய்ஸ்லயே பதில் பேசுனாரு. மறுநாளும் அப்படித்தான். புள்ள பொழச்சு ஊடு வந்த வரைக்கும் அந்தக் கொரல்தான் தமிழரசப் புடிச்சு நிறுத்துச்சு.

அதனாலதான் பாய் ஒருநா, "ஆத்தூர்ல ஒரு நிக்காஹ் இருக்கு தமிழு, திரும்பறப்ப உங்க ஊட்டுக்கு வர்றேன், உங்க கோழியெல்லாம் பாக்கணும்"னாரு பாருங்க, இவருக்குத் தல கால் புரியல. இலக்கியா முட்டக் கொழம்பும் சந்தகையும் பண்ணி வச்சுட்டா. டீக்கடையே விழாக் கோலம். ரெண்டு பேரும் சேந்து நிக்கற போட்டோ போடணும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க.

சாயங்காலம் இருட்டுற நேரத்துக்குப் பாய் வாய்ஸ் வந்துச்சு. டீக்கடைலயே போட்டுட்டாரு.

"தமிழு, ஸ்கூட்டர் மக்கர் பண்ணிடுச்சு. பூட்டுன சேகோ பேக்டரி ஒண்ணு இருக்கு. அதுக்கு எதுத்தாப்ல ஒரு புளியமரம். இங்கதான் நிக்கறேன். ஒரே வாடையா இருக்கு போங்க."

"அங்கயே இருங்க பாய். நான் வாரேன்" அப்படின்னு இவரு பைக்க எடுத்தாரு. பக்கந்தான்.

பேக்டரி வந்துச்சு. புளியமரம் வந்துச்சு. மரத்தடில ஸ்கூட்டர் நிக்குது. சாவி தொங்குது. கண்ணாடில ஹெல்மெட் மாட்டியிருக்கு. சைலன்சரத் தொட்டாரு... சூடு. இப்பத்தான் அணைச்ச வண்டி.

ஆளக் காணோம்.

ஒண்ணுக்குப் போயிருப்பாருன்னு கொஞ்ச நேரம் நின்னாரு. மரவள்ளி எல கூட அசையல. அப்ப போன் சிணுங்குச்சு. பாயோட வாய்ஸ்.

"தமிழு, லைட்டு தெரிஞ்சுது. வந்துட்டீங்களா? எங்க நிக்கறீங்க?"

"உங்க வண்டிகிட்டத்தான் நிக்கறேன் பாய். நீங்க எங்க?"

"நான் வண்டி மேலதான் உக்காந்துருக்கேன்."

தமிழரசோட கை அப்ப ஸ்கூட்டர் சீட்டு மேலதான் இருந்துச்சு. ஊனிக்கிட்டு நின்னிருந்தாரு. சட்டுன்னு கைய எடுத்துட்டாரு.

அடுத்த வாய்ஸ் வந்துச்சு. பாய் கொரல்ல இப்பச் சிரிப்பு இல்ல.

"இப்ப என் தொடை மேல ஒரு கை இருந்துச்சு. ஊனுன மாதிரி. நீங்களா?"

தமிழரசு ஒடனே போன் அடிச்சாரு. ரிங் போகுது. காதுல கேக்குது... ஆனா அந்த ரோட்ல எங்கயும் மணி அடிக்கல. எடுத்த மாதிரி இருக்கும், காத்து எரையற சத்தம் மட்டும் வரும், கட்டாயிடும். டீக்கடைல ஆரோ யோசன சொன்னாங்க, எடத்தப் போட்டு விடுங்க, மேப்புல பாத்துக்கலாம்னு. ரெண்டு பேரும் போட்டாங்க. ரெண்டு புள்ளியும் புளியமரத்துகிட்ட, ஒண்ணு மேல ஒண்ணு.

திருச்செங்கோட்டுல தேவிப்ரியான்னு ஒரு டீச்சர். அவங்க எழுதுனாங்க: "ரெண்டு பேரும் கண்ணாமூச்சி வெளையாடறீங்களா? சீக்கிரம் போட்டோ போடுங்க."

அப்பத்தான் இவரு கத்த ஆரம்பிச்சாரு. "பாய்... ஹனீப் பாய்..." கை ரெண்டையும் நீட்டிக்கிட்டு மரத்தச் சுத்தி வந்தாரு. காட்டுக்குள்ள எறங்கிப் பாத்தாரு. பேக்டரி கேட்ட ஒலுக்குனாரு. பைக் ஆர்ன அமுக்கிப் புடிச்சாரு. எதுக்கும் எதிர்ச் சத்தமில்ல. நாய்கூடக் கொலைக்கல. அந்தப் புளிச்ச வாடை மட்டும் இன்னும் ஏறுச்சு.

பாய் போட்டாரு: "கேக்குது தமிழு. பக்கத்துலதான் கேக்குது. நானும் கத்தறேன், கேக்கலியா? இங்க ரொம்பக் குளிருது. போன்ல சார்ஜும் கம்மியா இருக்கு."

சித்திர மாசம். தமிழரசு சட்டை வேர்வைல ஒட்டிக் கெடக்குது. பாய்க்குக் குளிருதாம்.

இவரு கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த ஆஸ்பத்திரி வராண்டால தன்னைப் புடிச்சு நிறுத்துன மனுசன், கை எட்டுற தூரத்துல நின்னு கூப்புடறாரு. இவரால ஒண்ணும் பண்ண முடியல. ரோட்டுலயே மண்டி போட்டு, வாய்ஸ்ல சொன்னாரு: "பயப்படாதீங்க பாய். நான் இங்கயேதான் இருக்கேன். பூன கதையச் சொல்லுங்க. பேசிக்கிட்டே இருங்க, சத்தத்த வச்சு வாரேன்."

மண்டி போட்டபடியே பாய் பேரச் சொல்லி மறுபடியும் கத்துனாரு, எட்டி ஆர்ன அமுக்குனாரு.

கொஞ்சம் பொறுத்து ஒரு வாய்ஸ் வந்துச்சு. சின்னதுதான். எரைச்சல் ஜாஸ்தி. அதுல பாய், "அப்பாடா... வந்துட்டீங்களா தமிழு. எவ்ளோ நேரம்"ங்கறாரு. நிம்மதியான கொரல். அப்பறம் பக்கத்துலயே இன்னொரு கொரல். "வாங்க பாய். போலாமுங்க."

தமிழரசோட கொரல்.

தமிழரசு ரோட்டுல மண்டி போட்டபடிதான் இருக்காரு. போலாம்னு அவரு சொல்லவே இல்ல.

டீக்கடை பூரா சந்தோசம். கையத் தட்டறாங்க. "ஒருவழியா புடிச்சுட்டாரு." "பாய்க்கு மொதல்ல காப்பி குடுங்க." இவரு எழுதுனாரு: "பாய் எங்கூட இல்லீங்க. நான் தனியா நிக்கறேன்."

சிரிக்கற பொம்மையாப் போட்டாங்க. "கொரலக் கேட்டோமே அண்ணா, சும்மா வெளையாடாதீங்க" அப்படின்னாங்க தேவிப்ரியா. எத்தன தடவ எழுதுனாலும் அதுதான் பதில். கடைசில ஒருத்தரு, "தமிழு, சேரப் பத்திப் பேசலைன்னாலும் இப்படி ஏமாத்துனதுக்குத் தண்டனை உண்டு, தட்டப் போட்டோ எடுத்துப் போடுங்க"ன்னாரு.

இலக்கியா தேடிக்கிட்டு வந்தப்ப இவரு ஸ்கூட்டர் பக்கத்துல உக்காந்திருந்தாரு. தொண்ட கட்டிப் போச்சு. ஸ்கூட்டருக்கும் அவருக்கும் நடுவுல ஒரு ஆள் உக்கார எடம் விட்டு உக்காந்திருந்தாரு.

பாய் அன்னைக்கும் வரல. அதுக்கப்பறமும் வரல.

போலீசு வந்துச்சு. காடு பூரா ஆள் விட்டுத் தேடுனாங்க. பேக்டரியத் தொறந்து தொட்டி தொட்டியாப் பாத்தாங்க. ஒண்ணுமில்ல. அந்த வாய்ஸ டீக்கடைக்காரங்களே எடுத்துக் குடுத்தாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. ஸ்டேசன்ல இலக்கியாகிட்டப் போட்டுக் காட்டி, இது ஆரு கொரல்னு கேட்டிருக்காங்க. பொய் சொல்லத் தெரியாத புள்ள. "கொரல் அவருதுதானுங்க"ன்னா. அப்பறம், "ஆனா அவரு இல்லீங்க"ன்னா. இன்ஸ்பெக்டரு எதை எழுதறதுன்னு பாத்துக்கிட்டே இருந்தாராம்.

எத்தனயோ வாட்டி கூப்புட்டு விசாரிச்சாங்க. வேற எதுவும் கெடைக்கல, விட்டுட்டாங்க. டீக்கடை ரூம் மூடலைன்னாலும் அங்க ஆரும் பேசறதில்ல. இவரு எதாச்சும் போட்டா பாத்துட்டுப் போயிருவாங்க.

ஆனா போலீசு கேட்டதெல்லாம் அவருக்குப் பெருசாப் படல. ஒருநா பாயோட சம்சாரம் ஷிரீன் பஸ் ஏறி வந்துச்சு. பண்ணை வாசல்ல நின்னுச்சு. சண்ட போடும், மண்ண வாரித் தூத்தும்னு இவரு நெனச்சாரு. அந்தம்மா சண்ட போடல. இலக்கியா குடுத்த தண்ணியக் குடிச்சுச்சு. கோழிகள கொஞ்ச நேரம் பாத்துச்சு. அப்பறம் மெதுவாக் கேட்டுச்சு.

"எனக்குக் கோவமில்லண்ணே. என்ன நடந்துச்சுன்னுகூடக் கேக்கல. எங்க எறக்கி விட்டீங்க? அத மட்டும் சொல்லுங்க. நான் போய்ப் பாத்துக்கறேன்."

"என் புள்ள மேல சத்தியமாச் சொல்றேனுங்க, எங்கூட வரலீங்க"ன்னாரு இவரு.

"உங்க கொரல் எனக்குத் தெரியாதாண்ணே. உங்க புள்ள ஆஸ்பத்திரில இருந்தப்ப ராப்பூரா எங்க ஊட்டுலதானே கேட்டுச்சு" அப்படின்னுச்சு அந்தம்மா. எந்திரிச்சுப் போயிருச்சு.

பஸ்ஸு வர்ற வரைக்கும் இலக்கியா ரோட்டுல அந்தம்மா கூட நின்னா.

இதெல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு, குமாரபாளையத்து பூபதி ஒரு மதிய நேரத்துல போன் பண்ணுனாரு. குரூப்புலயே இவரு சொன்னத ஓரளவுக்கு நம்புனது அவரு ஒருத்தருதான். "அந்த வாய்ஸ்ல இருக்கற எரைச்சல கம்ப்யூட்டர்ல போட்டுப் பிரிச்சு எடுத்திருக்கேங்க. உங்களுக்கு மட்டும் அனுப்பறேன். தனியாக் கேக்காதீங்க, ஊட்டுல ஆரையாச்சும் பக்கத்துல வச்சுக்குங்க" அப்படின்னாரு. வேற பேசல, வச்சுட்டாரு.

நல்ல வெயில். தமிழரசும் இலக்கியாவும் கட்டில்ல உக்காந்து, ஆளுக்கொரு காதுல இயர்போன மாட்டிக்கிட்டாங்க.

எரைச்சலே இல்ல. பாய் மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது. "அப்பாடா... வந்துட்டீங்களா தமிழு. எவ்ளோ நேரம்." "வாங்க பாய். போலாமுங்க." இதுவரைக்கும் ஊரே கேட்டது.

அதுக்கடில, எங்கயோ தொலவுல, கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஒரு சத்தம். ஒரு ஆள் கத்தறான். தொண்ட கிழியக் கத்தறான். "பாய்... ஹனீப் பாய்..." கூடவே ஒரு பைக் ஆர்ன்.

இலக்கியா தமிழரசு கையப் புடிச்சா. அது அவருதான். அந்த ரோட்ல நின்னு கத்துன அவரு.

எரைச்சல்ல அமுங்கிப் போயிருந்த பேச்சுல பாய் கேக்கறாரு. கொஞ்சம் தயங்கித் தயங்கி. "தமிழு... அது யாரு? உங்க கொரல் மாதிரியே இருக்கே."

பக்கத்துல இருக்கற கொரல் அவசரமே படல. கோழிக்குத் தீவனம் போடறப்ப தமிழரசு எப்படிப் பேசுவாரோ, அதே மாதிரி...

"அதுங்களா பாய்? அது தெனமும் இங்க நின்னு கத்துமுங்க. திரும்பிப் பாத்துறாதீங்க. ஏறுங்க."