தல்கோக் வளைவுக்கு ஒரு விளக்கு

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாலையில் போகும் வண்டிகளை அளப்பதையே தொழிலாக வைத்திருப்பவன் இப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம், இன்ஸ்பெக்டர். எங்கே போனாலும் பஸ்தான். தல்கோக் கிராமத்துக்கு முதன்முதலாகப் போன அன்று திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டேன். தன் டிராக்டரில் ஏற்றி என்னை டவுனில் கொண்டுவந்து இறக்கியவர் ப்யோ மன்போக், அந்த ஊரின் தலைவர்.

"நாங்க ஸ்ட்ராபெரி வளர்க்கிறோம், இன்ஜினியர் தம்பி. நீங்க லாரி வளர்க்க வந்திருக்கீங்க போல," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். இறங்கும்போது ஒரு பெட்டி ஸ்ட்ராபெரியை என் மடியில் வைத்தார்.

ஊருக்கு மேலேயிருந்த வயல்களையும் குன்றையும் விவசாய நிலம் என்பதிலிருந்து தொழிற்சாலை நிலமாக மாற்றித் தரும்படி ஒரு கம்பெனி கேட்டிருந்தது. மாற்றினால் சாலையில் எவ்வளவு வண்டி கூடும், யாருக்கு என்ன ஆகும், அதற்கு என்ன செய்யலாம் என்று ஆராய்ந்து எழுதுவது என் வேலை. தல்கோக்கில் ஆராய அதிகமில்லை. வீடுகள் சாலைக்கு இந்தப் பக்கம், ஸ்ட்ராபெரிக் கூடாரங்கள் அந்தப் பக்கம். நடுவில் ஒரு வளைவு. வளைவை ஒட்டிப் பெரிய பாறை. பாறையைத் தாண்டி வரும் லாரி, சாலையில் இறங்கியவர் கண்ணுக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரியும். அங்கே ஒரு சிக்னல் விளக்கு கட்டாயம் வேண்டும் என்று எழுதினேன்.

என் முதலாளி அதைப் படித்துவிட்டு, "கட்டாயம்னு போடாத. பிற்காலத்துல பரிசீலிக்கலாம்னு போடு. அங்க லாரி நின்னு நின்னு போனா கம்பெனி நம்மள மறுபடி கூப்பிடுமா?" என்றார். நான் மறுத்தேன். அவரே மாற்றி அனுப்பிவிட்டார். நிலமும் மாறியது.

வட்டார அலுவலகத்தில் சாலைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் சொக் மிரான் என்ற பெண். நல்லவர். நான் போகும்போதெல்லாம் பார்லி டீ கொடுத்து உட்காரவைத்துப் பேசுவார். ஆனால் சொன்னது எப்போதும் ஒன்றுதான். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது சார். ஆனா மேல கேக்கறாங்களே, இதுவரைக்கும் அங்க யாருக்கு என்ன ஆச்சுன்னு? நான் என்ன பதில் சொல்ல?"

தொழிற்சாலைகள் வந்தன. லாரிகள் வந்தன. ஒரு பெண்மணியின் தள்ளுவண்டி நசுங்கியது. அவர் கைப்பிடியை விட்டுக் குதித்துத் தப்பினார். பிறகு ஒரு நாய் அடிபட்டுச் செத்தது. ப்யோ ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார், நானும் போனேன். நாயையும் தள்ளுவண்டியையும் கணக்கில் எடுக்க வழியில்லை என்று சொக் மிரான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"எங்க தப்புதாம்மா," என்றார் ப்யோ. "நாய்க்கு ஒரு அடையாள அட்டை எடுத்துக் குடுத்திருக்கணும்."

எல்லோரும் சிரித்தோம். சொக் மிரானும் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அறையில் இருந்த யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் அவனோடு சண்டை போட்டிருக்கலாம்.

அன்று மாலை ஊர்க் கூடத்தில் சோயா விழுதுக் குழம்பும் அரிசிக் கள்ளும் வைத்தார்கள். ப்யோ இரண்டு கிண்ணம் குடித்திருந்தார். "யாராவது செத்தாத்தான் விளக்கு வரும்னா என்னைக் கணக்குல போட்டுக்கச் சொல்லுங்க தம்பி. பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. பையன் கப்பல்ல கிடக்கான். முட்டி வேற மடங்க மாட்டேங்குது," என்றார்.

"உன்ன இடிச்சா லாரிக்குத்தான்டா சேதம்," என்றார் பக்கத்தில் இருந்தவர். கூடமே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. ஒரு மனிதர் தன் ஊருக்காக, சுயநினைவோடு, சாட்சிகள் முன்னிலையில் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அதைத்தான் சம்மதம் என்கிறோம்.

நீங்கள் என் இடத்திலிருந்து பாருங்கள். அந்த வளைவில் ஒரு சாவு நடக்கத்தான் போகிறது. அது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்குச் சம்பளம். தடுக்க நான் செய்யக்கூடியதெல்லாம் செய்தாயிற்று. அந்த வழியாகப் பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளைகள் கடக்கிறார்கள். முதுகு வளைந்து தரையைப் பார்த்தே நடக்கும் கிழவிகள் கடக்கிறார்கள். வயிற்றில் பிள்ளையோடு வியட்நாமிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு மருமகள் கடக்கிறாள். லாரி ஆள் பார்த்து இடிக்காது. அந்த ஒருவர் யாரென்று லாரியிடம் விட்டுவிடுவது எனக்குப் பொறுப்பற்றதாகப் பட்டது.

தொழிற்சாலைகள் வந்தபிறகு சாலை எப்படியிருக்கிறது என்று பார்க்க என்னை மறுபடி அனுப்பினார்கள். மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு கூடாரங்களின் பக்கம் பாறையடியில் நிற்பேன். அங்கிருந்து வளைவின் இரு பக்கமும் தெரியும். வருகிற ஓட்டுநருக்கு நான் தெரியமாட்டேன். நான் நிற்கும் நாட்களில் ஊர்க்காரர்கள் என்னைக் கேட்டுத்தான் கடந்தார்கள். நான் வரச்சொன்னால் வருவார்கள், நிற்கச்சொன்னால் நிற்பார்கள். அந்தக் குளிர்காலக் காலையில் ப்யோ கையில் ஒரு தூக்குப் பாத்திரத்துடன் வந்தார். எனக்காகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவைத்து எடுத்துவந்திருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது. பிறகு சாலையில் பார்த்தேன்.

பனி முழுதாக உருகும் முன்பே விளக்கு வந்துவிட்டது. சொக் மிரான் தானே வந்து பார்த்தார். கொஞ்ச நாளில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன என்று கம்பெனிகள் புகார் கொடுத்தன. இப்போது அந்த விளக்கில் சிவப்பே எரிவதில்லை. நாள் முழுக்க மஞ்சள் மட்டும் விட்டு விட்டு எரிகிறது. லாரிகள் முன்போலவே போகின்றன. சொக் மிரானிடம் கேட்டேன். "விளக்கு இருக்கு இல்ல சார்," என்றார். அவரால் வேறென்ன சொல்ல முடியும்?

அந்த லாரியை ஓட்டிய தோ இன்சு என்பவரைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை. என் ஆய்வுகளில் லாரிகள் உண்டு, அவற்றுக்குள் ஆள் இருப்பது வராது. கிழவர் நடுச்சாலையில் நின்றார், திரும்பினார், யாரோ கூப்பிட்டதுபோல் மறுபடி முன்னால் வந்தார் என்று அவர் உங்களிடம் சொன்னார். வண்டியிலிருந்த கேமராவிலும் அப்படித்தான் பதிவாகியிருந்தது. அதைப் பற்றி நீங்கள் என்னிடம் கருத்துக் கேட்டீர்கள். வயதானவர்கள் நடுவழியில் தடுமாறுவது சகஜம், ஓட்டுநர்தான் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

இப்போது அவர்மேல் வழக்கு நடக்கிறது. அவர் லாரியை விற்றுவிட்டார். போன வாரம் வளைவில் அவரைப் பார்த்தேன். சாலையோரம் ப்யோவுக்குப் படையலாக ஒரு கிண்ணம் சாராயத்தை ஊற்றிவிட்டு நெற்றி தரையில் படக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்து, "சார், அன்னிக்கு நீங்க இங்கதானே இருந்தீங்க. அவர் தப்பிச்சுப் போயிருப்பாரே சார். எதுக்கு சார் திரும்பி வந்தாரு? தூக்கமே வரமாட்டேங்குது. தெரிஞ்சா சொல்லுங்க சார்," என்றார்.

அவரிடம் சொல்ல முடியவில்லை. அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

ப்யோ பாதிச் சாலையில் நின்றது உண்மை. காலடியில் ஏதோ அதிர்வு உணர்ந்திருப்பார். பாறையின் பக்கம் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, அந்த மடங்காத முட்டியோடு, அவரால் முடிந்த வேகத்தில் இரண்டு அடி வைத்தார். நான் கூப்பிட்டேன்.

"ஒண்ணும் வரல தலைவரே, வாங்க."

அவருக்குக் காது மந்தம். நின்று, என் பக்கம் திரும்பி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். அதனால் இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன்.