கேட்டில் தூக்கிய கை

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். நாற்பதை நெருங்கும் வயது. ஒருவர் மடியில் கிட்டார் பை. இன்னொருவரின் போனில் ஒரு டாக்குமெண்டரி ஓடியது. அவர்களுடைய மெட்டல் ராக் மியூசிக் பேண்டையும், அவர்கள் வேலை பார்த்த, இப்போது மூடிப்போன கம்பெனியையும் பற்றியது.

"கம்பெனி கேட்ட விட்டு வெளிய வர்றப்ப ரெண்டு கையையும் தூக்கறியே, செம மாஸு மச்சி. பெங்களூர்ல இந்தப் படத்தப் போட்டப்ப அந்த எடத்துல எல்லாரும் கை தட்டுனாங்க."

"அது பேண்டுக்காகத் தூக்குனது இல்லடா," என்றார் கிட்டார்காரர்.

"பின்ன?"

"உள்ள போயி அப்படியே நடந்து வாங்கன்னு கேமராக்காரரு சொன்னாரு. கேட்டுகிட்ட வந்ததும் கை தானா மேல போயிருச்சு. பதினோரு வருஷமா ஷிப்ட் முடிஞ்சு வர்றப்பல்லாம் செக்யூரிட்டி தடவிப் பாக்கறதுக்குத் தூக்குன கை."

போனில் அந்த இடம் மறுபடி ஓடியது. இந்த முறை பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"திருடனாட்டம் தடவறாங்கன்னு எவ்ளோ திட்டியிருப்போம்!"

"தெனமும்."

பஸ் சூளகிரியில் நின்று கிளம்பியது. கிட்டார்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஷூட்டிங் அன்னிக்கு செக்யூரிட்டி யாருடா இருந்தா? இருந்த ஒரு வாட்ச்மேனும் பூட்டத் தொறந்து விட்டுட்டு டீக்குப் போயிட்டாரு. தெரிஞ்சும் கைய எறக்க மனசு வரல. யாராவது வந்து தடவிட்டு, 'சரி, போப்பா'ன்னு சொல்லட்டும்னு நின்னுகிட்டிருந்தேன்."