எங்களை வெளியே நிறுத்திய வீடு

அன்பால் இந்த அரங்கை ஆளும் தலைவர் அவர்களே! அருகமர்ந்து அவைக்கு அழகு சேர்க்கும் ஆன்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! சிரிக்கிறீர்களே, அப்படியானால் உண்மைதான்! நாற்காலி கிடைக்காவிட்டாலும் நகராமல் நிற்கும் நல்ல நெஞ்சங்களே! இந்தத் தையற்காரியின் தலைதாழ்ந்த வணக்கம்.

கடல் கடந்து போய் வீடு கட்டிக் கொடுத்தவள் என்று தலைவர் என்னைப் பாராட்டினார். மாலையை விட அந்த வார்த்தை கனக்கிறது ஐயா! நான் பாராட்டுப் பெற வரவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறேன்.

வீடு கட்டித் தரும் தொண்டு நிறுவனம் என்னை அழைத்தபோது தயங்கினேன். ஊசி பிடித்த கை செங்கல் பிடிக்குமா? என் மாமியார்தான் அதட்டினார். "சமையல் கரண்டி பிடிச்ச கை கொத்துக் கரண்டி பிடிக்காதா? போயிட்டு வா. நீ இல்லாட்டி இந்த வீடு ஒண்ணும் இடிஞ்சு விழுந்துடாது!"

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! அது அவருக்குச் சேரட்டும்.

அங்கே யாருக்கு வீடு? சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் ஒரு பெண்ணுக்கு. கணவன் போனான், வாடகை அறையும் போனது. தோழி வீட்டுத் தரையில் தாய். அரசு விடுதியில் இரண்டு மகள்கள். ஒழுகாத கூரையும் பூட்டுகிற கதவும் உள்ள வீட்டைக் காட்டினால்தான் பிள்ளைகளை அனுப்புவோம் என்றது விடுதி.

இங்கிருந்து போன எங்கள் குழுவோடு அவளும் மண் சுமந்தாள். உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒருநாள் கேட்டாள்: "அக்கா, பாதியில விட்டுட்டுப் போயிட மாட்டீங்களே?"

"முடிச்சுட்டுத்தான் போவோம்" என்றேன். நான் சொன்னது வானத்தின் காதில் விழவில்லை! பெய்தது மழை, பேய் மழை! சுவர்கள் நனைந்து நின்றன. கூரைத் தகரம் தரையில் கிடந்தது. நாங்கள் ஊர் திரும்பும் நாள் வந்துவிட்டது. விடுதி அதிகாரி வீட்டைப் பார்க்க வருவதோ அடுத்த வாரம்!

கணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "டிக்கெட்டை மாத்திக்க. இங்க நாங்க பார்த்துக்கறோம்" என்றார். பின்னாலிருந்து மாமியாரின் குரல்: "கூரை போடாம வந்தா இந்த வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லுடா!"

தங்கினேன். எங்கள் குழுவின் தச்சரும் தங்கினார். இரண்டு பேரால் கூரை ஏறுமா? ஏறாது! ஆனால் சலவைக்கூடத்துப் பெண்கள் வேலை முடிந்த கையோடு வந்தார்கள். ஒருத்தி ஏணியைப் பிடித்தாள். ஒருத்தி தகரத்தைத் தூக்கினாள். ஒருத்தி ஆணியை எடுத்து நீட்டினாள். ஏறியது கூரை! எழுந்தது கதவு!

அதிகாரி வந்தார். அண்ணாந்து பார்த்தார். சுவரைத் தட்டினார். கதவைப் பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார்.

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரச் சொல்றேன்" என்றார்.

வந்தார்கள். பெரியவள் ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டாள். சின்னவள் மட்டும் வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, இது யார் வீடு?"

"நம்ம வீடுடி."

"யாரும் நம்மள வெளிய போகச் சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டாங்கடி, கண்ணு."

தாயையும் அக்காவையும் உள்ளே இழுத்தாள். எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். படாரென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்!

தச்சர், அதிகாரி, அவர்கள் பேச்சை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பாளர், சலவைக்கூடத்துப் பெண்கள், நான், அத்தனை பேரும் வெளியே தூறலில்! "கட்டினவங்களையே வெளிய நிறுத்திட்டாளே!" என்று தச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்பர்களே! வீடு என்பது என்ன? செங்கல்லா? சிமெண்டா? என்னுடையது என்று ஒரு குழந்தை துணிந்து சாத்துகிற கதவல்லவா வீடு! என்னை வரவேற்றுத் திறந்த கதவுகள் எத்தனையோ. ஆனால், என் முகத்துக்கு நேரே சாத்திய அந்தக் கதவைப் போல எனக்குப் பெருமை தந்த கதவு வேறில்லை!

என்னை அனுப்பிய வீட்டாருக்கும், அந்த மண்ணைச் சுமக்க எனக்கும் இடம் தந்த அந்தத் தாய்க்கும், இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கும், நெஞ்சு நிறைந்த நன்றி! வணக்கம்!