சென்னம்மா என்று தேடினேன்

சித்தூர் வெயிலுக்கு எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் ஏ.சி. இருந்த ஒரே அறை கம்ப்யூட்டர் அறைதான். மே மாதத்தில் அங்கே உட்கார யாருக்குக் கசக்கும்?

முதலில் ஒன்று உங்களுக்குப் புரிய வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. எண்பத்தாறில் நான் ஒருவனாக உட்கார்ந்து நாலாயிரம் நோயாளிகளின் விவரங்களை ஒரே நீள ஃபைலாக டைப் செய்தேன். அதில் ஒரு பெயரைத் தேடினால், வரியில் எந்த மூலையில் இருந்தாலும் பிடித்துக் கொடுக்கும். அடுத்த வருடம் நிர்வாகி இன்பசேகரன் புதிய டேட்டாபேஸ் வாங்கிவந்து, என் பதிவுகளை அதில் ஏற்றினார். வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பெயரின் தொடக்கத்தை மட்டுமே பார்க்கும்.

எங்கள் சபை மக்களுக்கு இரண்டு பெயர். பதிவில் ஞானஸ்நானப் பெயரை முன்னால் எழுதுவோம், வீட்டுப் பெயரைப் பின்னால். ஆனால் வாயில் வருவது வீட்டுப் பெயர்தான். புதியது பாதிப் பேரைத் தவறவிடும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்.

"உன்னுது வெறும் டைப்ரைட்டர்பா, நேசகுமார். அத மூட்டை கட்டு" என்றார், எல்லார் முன்னாலும். நர்ஸ்கள் சிரித்தார்கள். எனக்கு இன்னும் எரிகிறது.

பேசிப் பயனில்லை. தகுந்த நோயாளி வரட்டும் என்று ஏழு மாதம் பொறுத்தேன். நடுவில் புதியதில் அகப்படாத இரண்டு பேர் வந்தார்கள். சாதாரணக் காய்ச்சல், எதையும் நிரூபித்திருக்காது. விட்டுவிட்டேன்.

பிறகுதான் வடமாலபேட்டை கன்னையா மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கால் புண் சீழ்பிடித்து, அவளுக்கு நினைவில்லாத ஜுரம். பெயர் கேட்டேன், சென்னம்மா என்றான்.

"மூணு வருசம் முன்ன அவங்கம்மா இங்கதான் இட்டுகினு வந்தாங்க சார். ஏதோ ஊசி ஒத்துக்காம மூச்சு அடைச்சிக்கிச்சாம். இன்னா ஊசின்னு தெரியல. நான் அப்போ மெட்ராஸ்ல வேலை செஞ்சிகினு இருந்தேன்."

டாக்டர் ஞானசௌந்தரி பென்சிலினைக் கையில் வைத்துக்கொண்டு என் பதிலுக்காக நின்றார். புதியதில் சென்னம்மா என்று தேடினேன். பதிவு இல்லை என்றது. அதை அப்படியே அச்செடுத்து நீட்டினேன். வேறு ஆஸ்பத்திரியாக இருக்கும் என்றார் இன்பசேகரன். இனியும் காத்திருக்க முடியாது என்று ஊசி போட்டார்கள். பத்து நிமிடம்கூட அவள் தாங்கவில்லை.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எந்தக் கருவியை நம்பச் சொன்னார்களோ, அது சொன்னதைச் சொன்னேன். இன்பசேகரனிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய ஃபைலில் தேடவில்லையா என்கிறீர்கள். தேடினேன், புதியதில் தேடுவதற்கு முன்பே. கிரேஸ் சென்னம்மா, வடமாலபேட்டை, பென்சிலின் ஆகாது. இரண்டு முறை வாசித்தேன். பிறகு அந்த ஃபைல் இருந்த ஃபிளாப்பியை உருவி மேசைக்குள் வைத்துவிட்டு, புதியதைத் திறந்தேன்.

இப்போது இரண்டிலும் தேடிப் பார்த்த பிறகே ஊசி போடுகிறார்களாம். இதை யாராவது கன்னையாவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவன் எனக்கு நன்றி சொல்வான்.